கயல்முந்திக்கு இடம் பார்த்தவள்

கிடங்குக்கு இடம் பார்க்கப் போனால் நான் முதலில் பார்ப்பது கழிப்பறையைத்தான், சார். தரகர்கள் கூரையைக் காட்டுவார்கள், தரை டைல்ஸைக் காட்டுவார்கள், கூரியர் வண்டி வந்து திரும்ப எவ்வளவு இடம் இருக்கிறது என்று கையை விரித்துக் காட்டுவார்கள். கழிப்பறைக் கதவு மட்டும் பூட்டியே இருக்கும். எங்களிடம் புடவை மடித்துப் பெட்டி கட்ட ஒன்பது பெண்கள் இருந்தார்கள். காலை ஒன்பதரைக்கு வந்தால் சாயங்காலம் ஆறு வரை நின்றுகொண்டே செய்கிற வேலை. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற ஒரு கழிப்பறை இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய இடமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இடம் பார்க்கும் வேலையை நான் அக்கறையோடுதான் செய்தேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

நீங்கள் கூப்பிட்டது அந்த போன் பேச்சைப் பற்றிக் கேட்க. பத்தொன்பது நிமிடம் என்ன பேசினோம் என்று. சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

எனக்குச் சொந்த ஊர் பட்டினப்பாக்கம். அப்பா கடலுக்குப் போனார், அம்மா கூடையில் மீன் விற்றாள். பத்தொன்பது வயதில் தி.நகர் உஸ்மான் ரோட்டில் ராஜரத்தினம் ஐயாவின் ஜவுளிக்கடையில் சேர்ந்தேன். இரண்டாவது மாடி, பட்டுப் பிரிவு. அவருடைய ஒரே மகள் ஷண்முகப்ரியா. நான் பிரியா என்றுதான் கூப்பிடுவேன். அவள்தான் அப்படிக் கூப்பிடச் சொன்னாள். இரண்டு பேருக்கும் ஒரே வயது. கல்லூரி இல்லாத நாட்களில் கடைக்கு வருவாள். அவர்கள் சைவம். மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது என் டப்பாவிலிருந்து நெத்திலிக் குழம்பை எடுத்துச் சாப்பிடுவாள். அந்த வயதில் அதை நட்பு என்று நினைப்பது தப்பில்லை.

கொரோனா வந்து கடையை மூடினார்கள். ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் அவள் போன் செய்தாள்.

"ஜான்சி, சரக்கெல்லாம் அப்படியே கெடக்குடி. நீ பேசினா நாலு பேர் வாங்குவாங்க. லைவ்ல பேசிப் பாக்கலாமா?"

மந்தைவெளியில் அவளுடைய படுக்கையறை. பதினான்கு புடவை. அவள் போனைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு பேசினேன். அம்மா மீன் விற்கிறதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எதைச் சொன்னால் நடந்துபோகிற ஒரு பொம்பளை நிற்பாள் என்று எனக்குத் தெரியும். பதினான்கும் ஒரு மணி நேரத்தில் விற்றன. 'கயல்முந்தி' என்ற பெயரும் நான் வைத்ததுதான். முந்தானையில் மீன் நெய்த ஒரு புடவை அன்றைக்கு முதலில் போனது. அதிலிருந்து வந்த பெயர்.

பிறகு கட்டில் மேலே புடவை, கட்டிலுக்கு அடியில் புடவை, பூஜை அறை ஓரத்தில் புடவை. அதே தெருவில் ஒரு முதல் மாடியை வாடகைக்கு எடுத்தோம். ஆட்கள் வந்தார்கள். ஆடிட்டர் வந்தார். கம்பெனியைப் பதிவு செய்யும்போது இயக்குநர்கள் இரண்டு பேர் போதும் என்று சொன்னாராம். அவளும் அவள் அப்பாவும். எனக்கு 'ஆபரேஷன்ஸ் ஹெட்' என்று ஒரு அட்டை அடித்துக் கொடுத்தாள். அந்த அட்டையை என் அம்மா மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதற்கடுத்த வருடம் லைவ் பேச வேறொரு பெண்ணை வைத்தாள். என்னை உட்கார வைத்து, மெதுவாகத்தான் சொன்னாள்.

"தப்பா நெனைக்காத. நம்ம கஸ்டமர் இப்ப சிங்கப்பூர், துபாய்னு ஆயிட்டாங்க. உன் தமிழ் கொஞ்சம் லோக்கலா இருக்குன்னு கமெண்ட்ல போடறாங்க."

சரி என்றேன். அன்றிலிருந்து அலுவலகத்தில் நானும் அவளை மாதிரியே பேசப் பழகிக்கொண்டேன்.

போன வருடம் ஜனவரியில் நந்தனத்தில் ஒரு விருது விழா. இளம் பெண் தொழில்முனைவோர் என்று கூப்பிட்டு மேடையேற்றினார்கள். நான் மூன்றாவது வரிசையில் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மைக்கைப் பிடித்து அவள் சொன்னாள்: "ஒரு ரூம், ஒரு போன், நான். அவ்வளவுதான். வேற யாரும் இல்ல."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பை மடியிலிருந்து விழுந்தது. எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "என்னை ஏன் சொல்லல?"

"மேடையில ரெண்டு பேர் கதை எடுபடாதுடி. ஒருத்தி தனியா ஜெயிச்சான்னாதான் ஜனங்களுக்குப் பிடிக்கும். நீ இல்லாம நான் இல்லன்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிச் சிரித்தாள். டிரைவரும் சிரித்தார்.

அவளை மன்னித்துவிட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன். அடுத்த மாதமே பெரிய இடம் பார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள். "நீ பாத்தா சரியா இருக்கும்" என்றாள்.

பதினொரு இடம் பார்த்தேன், சார். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பழைய வீடு. மாடிப்படி இவ்வளவுதான் அகலம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் எதிரெதிரே வர முடியாது. மயிலாப்பூரில் கிடைத்தது நல்ல வெளிச்சமான இடம், ஆனால் வீட்டுக்காரர் பரத்வாஜ் வாசலில் கூரியர் வண்டி நிற்கக்கூடாது என்றார். அடையாறில் எலி. தி.நகரில் ஐயாவின் கடைக்குப் பின்னால் ஒரு மாடி இருந்தது, வண்டி நிறுத்த இடமில்லை. நந்தனத்தில் நான்காவது மாடி, எல்லாம் சரியாக இருந்தது, சாமான் ஏற்றுகிற லிஃப்ட்தான் இல்லை. ஒவ்வொரு இடத்துக்கும் பன்னிரண்டு விஷயம் எழுதி மதிப்பெண் போட்டேன். தூசி, வெளிச்சம், படமெடுக்கச் சுவர், பெண்கள் வந்துபோக ரயிலா பஸ்ஸா, எல்லாம்.

கடைசியாகத்தான் வேளச்சேரி. நதீம் என்று ஒரு தரகர் கூட்டிப்போனார். பாதாள தளம். நாலாயிரம் சதுர அடி, நடுவில் தூண் கிடையாது. வண்டி நேரே உள்ளே இறங்குகிற சரிவு, அதன் முடிவில் மின்சார ஷட்டர். பின்பக்கம் ஒரு இரும்புக் கதவும் மேலே போகப் படிக்கட்டும். கழிப்பறை இரண்டு, புதிதாகக் கட்டியது. வெயில் காலத்தில் உள்ளே நின்றால் உடம்பு குளிர்ந்தது. பறக்கும் ரயில் ஸ்டேஷன் நடக்கிற தூரம்.

நதீம் யோக்கியமான மனிதர். இடத்தைக் காட்டிவிட்டு வெளியே வந்ததும் சொன்னார்: "மேடம், நான் சொல்லலன்னு இருக்கக்கூடாது. டிசம்பர்ல இந்த ரோட்டுல தண்ணி நிக்கும். இதுவோ கீழ்தளம். வாடகை இவ்ளோ கம்மியா கீதுன்னா சும்மாவா? உங்க சரக்குக்கு ஒத்து வராது."

"பிரியா மேடத்துகிட்ட நானே சொல்லிக்கிறேன், பாய்" என்றேன்.

அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. 2015 வெள்ளத்தில் எங்கள் குப்பத்திலிருந்து படகுகளை லாரியில் ஏற்றி வேளச்சேரிக்குக் கொண்டுபோய் ஆட்களை மீட்டார்கள். என் அண்ணன் ஆண்டனியும் போனான். அந்தத் தெருவில்தான் ஒரு வீட்டு முதல்மாடி பால்கனிக் கம்பியில் படகைக் கட்டிவிட்டு, உள்ளேயிருந்த கிழவரைத் தூக்கி வந்ததாகச் சொல்லுவான். தெருப் பெயரைக் கேட்டதும் எனக்கு அது ஞாபகம் வந்தது. எனக்கு அந்தத் தெருவின் நீளம் தெரியாது, ஆழம் தெரியும்.

மதிப்பெண் போட்ட தாளில் வேளச்சேரிதான் முதலிடம். ஒரு மதிப்பெண்கூடக் கூட்டிப் போடவில்லை. 'மழை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை மட்டும் எடுத்துவிட்டுத் தாளை அச்செடுத்தேன். பதினொரு இடத்துக்கும் சேர்த்துத்தான் எடுத்தேன்.

பிரியா வந்து பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கடைசி வரை ஓடிப் போய்த் திரும்பினாள். "ஏய், இங்க கிரிக்கெட்டே ஆடலாம் போலருக்கே" என்றாள். பிறகு, "மழையில ஒண்ணும் ஆகாதில்ல?"

"புதுசா மழைநீர் வடிகால் கட்டியிருக்காங்க" என்றேன். அது உண்மை. கட்டியிருந்தார்கள்.

"நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அப்போது நான் நினைத்தது சரக்கைத்தான். ஒரு டிசம்பர் வரட்டும், மொத்தமும் ஊறட்டும், பிறகு மறுபடி ஒரு ரூம், ஒரு போன் என்று அவள் தனியாக ஆரம்பித்துக் காட்டட்டும். அவ்வளவுதான்.

ஏப்ரலில் குடிபோனோம். அடுக்குகளை நான்தான் அமைத்தேன். விலை கூடின பட்டெல்லாம் கீழ்த்தட்டில். எடுக்கச் சுலபம் என்று சொன்னேன். ஜூலையில் இரண்டு பெட்டி காணாமல் போனது. பின்கதவு வழியாகத்தான் போயிருக்கும், வெளிப்பக்கம் பூட்டுப் போட்டு ஒரே ஆளிடம் சாவி இருந்தால் நல்லது என்றேன். "நீயே வச்சுக்கோ" என்றாள். அந்த இரண்டு பெட்டியும் பட்டினப்பாக்கத்தில் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. ஆள் அனுப்பினால் எடுத்துக் கொடுக்கச் சொல்கிறேன்.

அக்டோபரில் முதல் மழைக்கு அங்காளம்மாள் என்னிடம் ஓடிவந்தாள். சிந்தாதிரிப்பேட்டைக்காரி, ஐம்பது வயது இருக்கும், முதல் மாடிக் காலத்திலிருந்தே எங்களோடு இருந்தவள்.

"ஜான்சிம்மா, பாத்ரூம்ல தண்ணி எதுத்துக்கினு வருது. கருப்பா வருது. பிரியாம்மாகிட்ட சொல்லட்டா?"

"நான் பாத்துக்கறேன், நீங்க வேலையப் பாருங்க" என்றேன். துணி வாங்கிவரச் சொல்லித் துடைத்தோம். வேளச்சேரியில் தண்ணீர் முதலில் வானத்திலிருந்து வராது, சார். கீழேயிருந்து வரும்.

டிசம்பரில் புயல் அறிவித்தார்கள். முந்தின நாளே எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன்: நாளைக்கு யாரும் வர வேண்டாம், சம்பளம் பிடிக்கமாட்டோம். அதை நீங்கள் அவர்கள் போனில் பார்க்கலாம். காலையில் பிரியாவுக்குப் பேசினேன். பிரியா தானாகத்தான் அங்கே போனாள் என்று போன தடவை சொல்லியிருந்தேன் அல்லவா, அதைத் திருத்திக்கொள்ளுங்கள். கீழ்த்தட்டில் ஒரு கல்யாண ஆர்டர் இருக்கிறது, இருபத்திரண்டு பட்டு, வெள்ளிக்கிழமை முகூர்த்தம், நனைந்தால் அந்தக் குடும்பத்துக்கு நாம் என்ன பதில் சொல்வது, எனக்கானால் காய்ச்சல் என்று நான்தான் சொன்னேன்.

"நீ படு, நான் போறேன்" என்றாள். கல்யாணம் என்றால் அவள் உருகிவிடுவாள்.

காரை மேம்பாலத்தில் மற்ற கார்களோடு நிறுத்திவிட்டு, முட்டளவுத் தண்ணீரில் நடந்து போயிருக்கிறாள். தனியாக முடியாது என்று அங்காளம்மாளைக் கூப்பிட்டிருக்கிறாள். அங்காளம்மாளின் மகள் வீடு பக்கத்துத் தெரு. முந்தின நாள் வேலை முடிந்து அங்கேயே தங்கிவிட்டாள் போலிருக்கிறது. அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாமல் நடந்தது அது ஒன்றுதான்.

சரிவு வழியாகத் தண்ணீர் இறங்குவதைப் பார்த்து, உள்ளேயிருந்து ஷட்டரை இறக்கியிருக்கிறார்கள். புத்திசாலித்தனம்தான். அதற்குப் பிறகு அந்தப் பகுதி முழுக்க மின்சாரத்தை நிறுத்தினார்கள். மோட்டார் இல்லாமல் அந்த ஷட்டர் ஏறாது.

மீதியைச் சொல்லுவதற்கு முன்னால், நான் ஏன் இன்று வக்கீல்கூட இல்லாமல் வந்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். வாசலில் பெரிய படம். 'தனி ஒருத்தியாய்க் கயல்முந்தியைக் கட்டியெழுப்பியவர்' என்று போட்டிருந்தது. ராஜரத்தினம் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ அவகூட வேல பாத்த புள்ளதான தாயி? என் மவள மழ கொண்டு போயிட்டுதே" என்று அழுதார். பத்திரிகைகளிலும் அதுதான்: மழைக்கு இரண்டு பெண்கள் பலி. நீங்களும் அப்படித்தான் எழுதி முடிக்கப் பார்த்தீர்கள். நான் ஆரம்பித்தது அவள் பெயரில் போனது. சரி, போகட்டும். நான் முடித்ததாவது என் பெயரில் இருக்க வேண்டாமா? பதினொரு இடம் அலைந்து, பத்து மாதம் பொறுத்துச் செய்ததை மழை செய்தது என்று எழுதினால் எப்படி?

காய்ச்சலோடு பட்டினப்பாக்கத்தில் படுத்திருந்தேன் என்று சொன்னேன். என் போன் டவர் வேளச்சேரியைக் காட்டுகிறது என்கிறீர்கள். டவர் காட்டுவதுதான் சரி. நான் அந்தக் கட்டடத்திலேயே இருந்தேன். பின்பக்கப் படிக்கட்டில், இரும்புக் கதவுக்கு மேலே நாலாவது படியில். ஒரு அட்டைப்பெட்டியை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்திருந்தேன். எப்படி ஆகிறது என்று பக்கத்திலிருந்து பார்க்கத்தான் வந்தேன். படிக்கட்டுப் பக்கம் தண்ணீர் வரவில்லை. கதவுக்கு அடியில் மட்டும் கசிந்துகொண்டிருந்தது.

பத்து நாற்பதுக்கு போன் அடித்தது.

"ஜான்சி, ஷட்டர் ஏற மாட்டேங்குதுடி. பாத்ரூம்லேருந்து தண்ணி பொங்கிட்டு வருது. பின்கதவு சாவி ஒண்ணுதானே, எங்க வச்ச?"

"என் டேபிள்ல மூணாவது டிராயர்."

"கதவு வெளியில பூட்டுன்னா இங்கேருந்து எப்படிடி திறக்கறது?"

"ஜன்னல் வழியா யார்கிட்டயாவது குடு."

"இங்க எங்கடி ஜன்னல்?"

உண்மைதான், ஜன்னல் கிடையாது. தூசி என்ற கட்டத்தில் அதற்கு முழு மதிப்பெண் கொடுத்திருந்தேன். இருந்தாலும் அவள் போய் டிராயரைத் தேடினாள். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடப்பது போனிலும் கேட்டது, கதவிலும் கேட்டது.

"இல்லடி. நீ எங்க இருக்க?"

"வந்துகினே கீறேன்" என்றேன். மூன்று வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளிடம் என் பாஷையில் பேசினேன். நன்றாக இருந்தது. "ஒண்ணு கேக்கணும். கயல்முந்திய ஆரு ஆரம்பிச்சது?"

"என்னது?"

"ஆரு ஆரம்பிச்சது, சொல்லு."

அவள் முட்டாள் இல்லை. அவளுக்கு விளங்கிவிட்டது.

"நீயும் நானும்டி" என்றாள். "நீதான் பேசின, நீதான் பேர் வச்ச. நான் மேடையில பொய் சொன்னேன். தப்புதான். சத்தியமா தப்புதான். கதவத் திறக்க யாரையாவது அனுப்புடி."

இதைக் கேட்கத்தான் நான் காத்திருந்தேன். ஆனால் அவள் அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. பயத்தில் சொல்கிறாளா, மனதாரச் சொல்கிறாளா என்று எப்படித் தெரியும்? இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள். இந்தத் தடவை அழுகையில் பாதி வார்த்தை கேட்கவில்லை. கேட்காததைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.

எழுந்தபோது பிளாஸ்க் மூடி உருண்டு கதவில் போய் இடித்தது. உள்ளே அங்காளம்மாளின் குரல்: "பிரியாம்மா, கதவுக்கு அந்தாண்ட யாரோ கீறாங்க." பிறகு கதவைத் தட்டினாள். "ஜான்சிம்மா? நீயாம்மா? கதவத் தொறம்மா. நான் இன்னாம்மா பண்ணேன்?"

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. அது எனக்கும் பிரியாவுக்கும் நடுவில் இருந்த பேச்சு. அவள் குறுக்கே வந்திருக்கக்கூடாது.

பத்தொன்பதாவது நிமிடத்தில் போன் நின்றுவிட்டது. அதற்கு மேல் நடந்தது உங்கள் பதிவில் இருக்காது. கதவை அவர்கள் நிறைய நேரம் தட்டினார்கள். முதலில் கையால், பிறகு ஏதோ இரும்பால். தட்டல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வந்தது, கதவின் நடுவிலிருந்து மேல் விளிம்புக்கு. அங்காளம்மாளின் குரல் முதலில் நின்றது. நான் படியிறங்கிப் போய்க் கதவில் வாயை வைத்து, மூன்றாவது தடவையாக, பொறுமையாகத்தான் கேட்டேன்: "பிரியா, கயல்முந்திய ஆரு ஆரம்பிச்சது?" சாவியைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். தெளிவாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திறந்திருப்பேன்.

ரொம்ப நேரம் காத்திருந்தேன், சார். அவள் சொல்லவில்லை. எப்போதுமே அவளுக்கு அந்தப் பிடிவாதம் உண்டு.